உட்கார ஒரு மூன்று நாள்

எங்கள் வீட்டுக்குக் காலண்டரே வேண்டாம், அஞ்சலாட்சி ஒருத்தி போதும் என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தவள் நான்தான். அவள் என் கொழுந்தன் தெய்வசிகாமணியின் மனைவி. எழுபத்தாறில் முத்தியால்பேட்டைக்கு வாழ வந்தாள். தங்கமான பெண். தூரமாவதற்கு ஐந்தாறு நாள் முன்னால் மட்டும் வேறு ஆளாகிவிடுவாள். கரண்டி கைநழுவினால் அழுவாள். புருஷன் சாப்பிடக் கூப்பிட்டால் சீறுவாள். தலைவலி, மார்வலி என்று சுவரில் சாய்ந்துகொள்வாள். "நாளு நெருங்கிடுச்சி, எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அப்புறம் அது வந்துவிடும். பாயும் தட்டும் எடுத்துக்கொண்டு தோட்டத்துச் சாய்ப்புக் கொட்டகையில் போய் உட்காருவாள். மாமியார் குஞ்சம்மாள் சட்டப்படி மூன்று நாள் அடுப்பு, தண்ணீர்க்குடம் எதையும் தொடக்கூடாது. எனக்கு அந்தச் சாய்ப்பு ஜெயில் மாதிரி. அவளுக்கோ அங்கே போனதும் முகம் தெளிந்துவிடும். காலை நீட்டித் தூங்குவாள். தலைக்குக் குளித்துவிட்டு உள்ளே வரும்போது பழைய அஞ்சலாட்சியாக வருவாள்.

மூன்றாவது வருஷம் முழுகாமல் இருந்தாள். வீடே சந்தோஷப்பட்டது. "இனிமே பத்து மாசத்துக்கு அழுகை கெடையாது" என்று நான் கிண்டல் பண்ணினேன். அழுகை நிற்கவில்லை. அந்த ஐந்தாறு நாள் பாடு இப்போது தினமும் ஆகிவிட்டது. சோறு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. ஒருநாள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை அப்படியே நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"முன்னெல்லாம் வந்துட்டா விட்டுரும்னு பல்லைக் கடிச்சிகினு இருப்பேன்க்கா. இப்ப விடவே மாட்டேங்குது."

"புள்ளத்தாச்சின்னா அப்படித்தான் இருக்கும். வேலையப் பாரு" என்றேன். மீன் குழம்புக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

ஐந்தாம் மாதம் ஒரு காலையில் சாய்ப்பில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். ரத்தம் பட்டுவிட்டது என்றாள். மாமியார் மாரில் அடித்துக்கொண்டாள். மில்லுக்கு ஆள் போய், கொழுந்தன் ஷிப்டை விட்டுவிட்டு ஓடிவந்தான். வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது. ஏற்றுவதற்கு முன் நான் அவள் துணியைப் பார்த்தேன். ஒரு பொட்டு இல்லை.

"ஏண்டி, இன்னா நாடகம் இது? துணி வெள்ளையா இருக்குது!"

தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். ரிக்‌ஷாக்காரன்கூடச் சிரித்தான். கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டு மில்லுக்கே திரும்பிப் போனான்.

"மூணே நாளு உக்காந்துட்டு எழுந்துடறேன்க்கா" என்று அவள் என் கையைப் பிடித்தாள். உதறிவிட்டுப் பாயைச் சுருட்டினேன். வயிற்றுப் பிள்ளையோடு தூரம் உட்காருகிறாளாம் என்று எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

எட்டாம் மாதம் ஒரு மதியம் மறுபடியும் அங்கே இருந்தாள். பாய்கூட இல்லாமல் வெறுந்தரையில் இருந்தாள்.

"திரும்ப ஆரம்பிச்சிட்டியா?" என்றேன். காலைக் கட்டிக்கொண்டு தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். "இருக்கட்டும் அத்தே, பசிச்சா தானா வருவா" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போனேன். விளக்கு வைக்கும் நேரமாகியும் வரவில்லையே என்று போய்ப் பார்த்தால் சேலையெல்லாம் ரத்தம்.

ஆஸ்பத்திரியில் அவளைப் பிழைக்க வைத்துவிட்டார்கள். பிறந்தது பெண். ஒரு தடவைகூட அழாமலே போய்விட்டது.

"வந்து கேட்டேனேடி, ஏன் சொல்லல?"

"கொஞ்ச நேரம் உக்காந்தா சரியாயிடும்னு நெனச்சேன்க்கா."

என்மேல் ஒரு குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். என் வாய்தான் அவள் வாயை அடைத்தது என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு அழைத்து வந்ததும் சாய்ப்பில் என் மெத்தையைப் போட்டேன். தலையணையும் வைத்தேன். தீட்டு என்று மாமியார் வாய் திறக்கவில்லை. அஞ்சலாட்சி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது. நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டாள்.

"புள்ளத் தீட்டு பதினாறு நாளுதானேக்கா?"

"ஆமாம்மா."

"புள்ள இல்லன்னாலும் பதினாறு நாளு உக்காரலாமாக்கா?"