ஆளில்லாத அவையில் ஒரு சுத்தியல்

1

இந்தக் கதை எனக்குத் தொலைக்காட்சியிலிருந்து கிடைத்தது. கிறிஸ்துமஸ் விடுமுறை, வாஷிங்டனே காலி. செனட் அவையைக் காட்டினார்கள். நூறு மேசைகள், ஒரு தலைகூட இல்லை. ஒரு பெண் வந்தாள், சுத்தியலைத் தட்டினாள், ஒரு வரி வாசித்தாள், மறுபடி தட்டிவிட்டுப் போனாள். அவ்வளவுதான் கூட்டம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மக்களாட்சி என்பது காலி மேசைகளின் முன்னால்…’

வேண்டாம். கட்டுரையாகிவிடும்.

2

வெர்னா ஹாஸ்கெட், செனட்டர், அதிபரின் கட்சிக்காரி. அவையில் அவளுடைய கூட்டாளி டெல்பர்ட் கட்ரைட் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்தவர். நுரையீரல் கெட்ட சுரங்கத் தொழிலாளிகளுக்காக அவர் கொண்டுவந்த மசோதா நிறைவேறியது. அந்த வாரமே அவரும் அதே நோயில் இறந்துபோனார்.

மசோதா அதிபரின் மேசைக்குப் போனது. கையெழுத்துப் போட அவருக்கு மனமில்லை. வெளிப்படையாக மறுக்கத் துணிச்சலும் இல்லை. சும்மா வைத்திருந்தார்.

(அவை நடப்பில் இருந்தால், பத்து நாளில் கையெழுத்தில்லாமலே அது சட்டமாகிவிடும். அவை கலைந்திருந்தால் மசோதா செத்துப்போகும். அதனால்தான் விடுமுறையிலும் யாராவது வந்து தட்டி, அவையைத் திறந்து வைக்கிறார்கள்.)

பத்தாவது நாள் போய்த் தட்டவேண்டிய முறை வெர்னாவுடையது. முந்தின நாள் அதிபரே கூப்பிட்டார்.

“வெர்னா, பனி கொட்டுது. நாளைக்கு வீட்லயே இரேம்மா.”

“அவையைத் திறக்கணுமே சார்.”

“ஒரு நாள் திறக்கலன்னா கூரையா இடிஞ்சு விழும்? உன் மாநிலத்துக்கு அந்தப் பாலம் கேட்டியே, அதை நான் பாத்துக்கறேன்.”

“கட்ரைட்டை அடக்கம் பண்ணி ஒரு வாரம்கூட ஆகலை சார்.”

“அதான் சொல்றேன். செத்தவன் வந்து ஏன்னு கேக்கப் போறதில்ல.”

‘முடியாது சார், நான்…’ என்று எழுதி நிறுத்திவிட்டேன். வெர்னா அப்படிச் சொல்லக்கூடியவள் இல்லை. பாலம் அவளுக்கு வேண்டியிருந்தது.

3

மறுநாள் அவள் போகவில்லை. காப்பி ஆறும்வரை சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். அவை எழுத்தர் டுவைட் தொலைபேசியில் வந்தார்.

“இந்தப் பனியிலயும் வந்துட்டீங்களே மேடம்! கூப்பிடக் கூப்பிடத் திரும்பியே பாக்கல நீங்க.”

“யாரு, நானா?”

“வேற யாரு? தட்டினீங்க, வாசிச்சீங்க. அந்த இருமலுக்கு மட்டும் டாக்டரைப் பாருங்க. நெஞ்சுக்குள்ள கல்லு உருள்ற மாதிரி இருந்துச்சு.”

தொலைக்காட்சியைப் போட்டாள். அவளுடைய சாம்பல்நிறக் கோட்டு, அவளுடைய முகம். திரையிலிருந்தவள் கைக்குட்டையில் இருமினாள். வெள்ளைத் துணியில் கரி படிந்தது. வெர்னா வாசல் பக்கம் பார்த்தாள். கோட்டு அங்கேயே தொங்கியது. ஈரமே இல்லை.

(இந்தப் பெண்ணை அவைக்கு அனுப்பியது நான் இல்லை. காப்பி ஆறியதோடு நான் நிறுத்தியிருந்தேன்.)

4

“என்ன வெர்னா, என்னையே ஏமாத்திட்டியா?” அதிபரின் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். “ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அங்க நின்னது நீயா? இல்லன்னு சொல்லு, கூட்டமே செல்லாது. மசோதா போச்சு.”

‘நான் இல்லை’ என்று அவளை உண்மை சொல்லவைத்தேன். அதிபர் சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலானது. நிற்கவேயில்லை. அதை அடித்துவிட்டேன்.

‘நான்தான்’ என்று எழுதினேன். மசோதா சட்டமானது. வெர்னாவின் தொண்டையில் என்னவோ நமநமவென்று அரித்தது. அதையும் அடித்துவிட்டேன்.

இனி எனக்குக் கை வரவில்லை. மறுமுனையில் அதிபர் காத்திருக்கிறார். வெர்னா மூச்சை உள்ளே இழுக்கிறாள்.

நீங்கள் சொல்லுங்கள்.