இரண்டு தடவை கூப்பிட்ட குரல்

காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு மந்தைவெளிப் பக்கம் நாகராஜ் ஆட்டோவை விரட்டிக்கொண்டிருந்தபோது, பின்சீட்டிலிருந்து அவன் பெயர் இரண்டு தடவை கூப்பிடப்பட்டது. பின்சீட்டில் யாரும் இல்லை. மணி பகல் பன்னிரண்டு பத்து. எட்டு வருஷமாக அதே நேரம்தான்.

மனைவி பொன்மணியை ஆறு கொண்டுபோன வெள்ளத்துக்கு அடுத்த வருஷம், குரல் முதலில் ஒரு தண்ணீர்க் குடத்திலிருந்து வந்தது. அப்புறம் வெட்டிய இளநீரிலிருந்து, ஏடிஎம்மிலிருந்து. மந்திரிக்கிறவரிடம் தாயத்து கட்டினான், தாயத்திலிருந்தும் வந்தது. அவன் இருந்த ஆற்றோரக் குடிசைகளைக் காலி செய்து பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். எட்டு மாடி ஏறி வந்தும் அதற்கு மூச்சு வாங்கவில்லை. ஆண் குரலா, பெண் குரலா, யாருக்கும் பிடிபடவில்லை. தெருவுக்கே கேட்கும் என்பதால் மயிலாப்பூர் அதற்குப் பழகிவிட்டது. அங்கே அவன் ஆட்டோ ஸ்டாண்டுக்கு எதிர்வீட்டு அபயாம்பாள் மாமி அதைக் கேட்டுத்தான் குக்கரை இறக்குவாள். கூட்டாளி பாலு, “மச்சி, உன் ஆளு கூப்ட்டாச்சு, சோறு துன்ன போலாமா?” என்பான். நாகராஜ் மட்டும் காதுப் பஞ்சை இன்னும் அழுத்திக்கொள்வான். மூன்று தடவை கூப்பிட்டால் மனுஷன், இரண்டோடு நிறுத்தினால் பேய், பதில் சொன்னால் உயிர் போய்விடும் என்றுதான் ஆற்றோரத்தில் எல்லோரும் வளர்ந்தார்கள். வருவது பொன்மணிதான் என்று அவன் பயந்தான். ஏன் என்று மட்டும் சொல்லமாட்டான்.

அன்று ஓடிய ஓட்டத்தில், எட்டு வருஷமாக அவன் பக்கமே போகாத அடையாறு பாலத்தில் போய் ஆட்டோ நின்றது. பாலத்தின் ஓரத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்த ஆரோக்கியமேரி, அவனுடைய பழைய பக்கத்துக் குடிசைக்காரி.

“இன்னா நைனா, மூஞ்சி இப்டி கீது?”

“ரெண்டு தடவதான்க்கா கூப்புடுது. மூணாவது வரவே மாட்டேங்குது.”

அவள் செதில் தேய்ப்பதை நிறுத்தவில்லை. “லூசு. எங்க ஆண்டவரு ரெண்டு தடவதான் கூப்புடுவாரு. பைபிள்ல சாமுவேல அப்டிதான் கூப்ட்டாரு, மோசேய அப்டிதான். எட்டு வருசமா அவரையா காக்க வெச்சிகினு கீற? பதில் சொல்லு, போ.”

“உசுரு பூடுமே.”

“போனா அவருகிட்டதான போவும்?”

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, “இன்னா சாமி?” என்று ஆற்றைப் பார்த்துக் கேட்டான் நாகராஜ். உயிர் போகவில்லை.

மறுநாள் பன்னிரண்டு பத்துக்குக் குரல் வரவில்லை. மாமி ஸ்டாண்டுக்கே வந்துவிட்டாள். “ஏண்டாப்பா, உன்னைக் கூப்பிடறவர் இன்னிக்கு லீவா? எங்காத்துல சாதம் குழைஞ்சுடுத்து.” இனி கடிகாரம் பார்க்கும்படி நாகராஜ் சொன்னான். மாமி சரி என்று போய்விட்டாள்.

சோறு தின்னும்போது, யாரிடமும் சொல்லாததைப் பாலுவிடம் சொன்னான். வெள்ளத்தில், மழைச் சத்தத்துக்குள்ளிருந்து பொன்மணி அவனை இரண்டு தடவை கூப்பிட்டாள். பேயோ என்று அவன் திரும்பவில்லை. கழுத்தளவுத் தண்ணீரில் மூன்றாவதுக்காகக் காத்து நின்றான். மூன்றாவது வரவில்லை. நேற்று பாலத்தில் நின்று குரலிடம் அதைத்தான் அழுதுகொண்டே சொன்னானாம்.

அப்போது குரல் ஆற்றோரத்துத் தமிழிலேயே பதில் சொன்னது:

“வந்துச்சு நைனா. மூணாவது தடவ அவ கூப்ட்டது என்னை.”