அண்ணனுக்கு வாங்கிய ரேசர்

1

இந்தக் கதை ஒரு கடைக்காரர் சொன்ன ஒற்றை வாக்கியத்திலிருந்து வந்தது. 2011இல் ஒரு பத்திரிகை, பேட்டரியில் அதிரும் ரேசர் கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று எழுதித் தரச் சொன்னது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் விசாரித்தேன். “பொண்ணுங்களும் வாங்கினு போவுது சார். கேட்டா, அண்ணனுக்குன்னு சொல்லுது” என்றார் கடைக்காரர் ராஜாமணி.

கட்டுரையை அந்த மாதமே கொடுத்துவிட்டேன்.* இனி வருவது அந்த அண்ணனைப் பற்றிய—

இல்லை. அண்ணன் என்று யாரும் கிடையாது.

* அதன் சாரம்: பேட்டரி போட்டும் போடாமலும் மழித்துப் பார்த்தேன். வித்தியாசம் கைக்குத் தெரிந்தது, முகத்துக்குத் தெரியவில்லை.

2

முதல் தொடக்கம்: “ஒரகடத்துத் தொழிற்சாலைகளின் கூரைத் தகடுகள்மேல் சூரியன்—”

அடித்துவிட்டேன். காலையில் விடுதிக் குளியலறை வரிசையில் நிற்கிறவர்கள் சூரியனைப் பார்ப்பதில்லை.

இரண்டாவது: பாண்டிச்செல்விக்கு மோவாயில் முடி முளைக்கும்.

இது இருக்கட்டும். நாங்குநேரிப் பக்கத்துப் பெண். மண்ணூரில் பெண்கள் விடுதியில் இருக்கிறாள். [முதலில் அவளுக்கு ஒரு செல்போன் கம்பெனியில், போனை அதிரவைக்கும் குட்டி மோட்டாரைப் பொருத்தும் வேலை கொடுத்திருந்தேன். கதைக்கு மிகவும் வாகாக இருந்ததால் மாற்றிவிட்டேன். இப்போது கார்களுக்கு ஒயர் கட்டுகிறாள்.] முந்தைய கம்பெனியில் அந்த முடிக்காகவே லைனில் வேலை செய்தவர்கள் எல்லாரும் அவளை “மாமா” என்று கூப்பிட்டார்கள். அதனால்தான் அங்கிருந்து நின்றாள். இங்கே யாருக்கும் தெரியக் கூடாது.

சாதா ரேசர் போட்டால் முடி கட்டையாக முளைக்கும் என்பது அவள் கேட்டு வளர்ந்தது. “இது அதிருதும்மா, அப்டி ஆவாது. தைரியமா வாங்கிக் குடு அண்ணனுக்கு” என்றார் ராஜாமணி. இரண்டுமே உண்மையில்லை. இரண்டாவதுக்குத்தான் அவள் கூடுதலாகக் காசு கொடுத்தாள்.

3

சத்தத்தை மறைக்க, குழாயை வாளியில் திறந்துவிட்டு மழிப்பாள். ஒருநாள் காலை, பாதி மோவாய் மழித்திருக்கையில் மேல்தொட்டித் தண்ணீர் தீர்ந்தது. குழாய் இரண்டு முறை இருமிவிட்டு அடங்கியது. ரேசர் அடங்கவில்லை.

“ஏட்டி பாண்டி, உள்ள வண்டா பிடிக்கே? பஸ்ஸு போயிரும்லா!” அறைத்தோழி தங்கமாரியின் குரல்.

அந்தப் பக்கம் வந்த வார்டன் கனகத்துக்கு அது வண்டாகக் கேட்கவில்லை. விடுதியில் ஆளுக்கு ஒரு போன். இரவில் அதை வார்டனிடம் கொடுத்துவிட்டு, காலையில் கம்பெனி பஸ் ஏறும்போது வாங்கிக்கொள்ள வேண்டும். ஒளித்துவைத்த இன்னொரு போன் என்றால் காதல். காதல் என்றால் அப்பாவுக்குத் தகவல். போன மாதம் பக்கத்து அறை வேல்விழி அப்படித்தான் பெட்டியோடு ஊர் போய்ச் சேர்ந்தாள்.

“இன்னாமே, போனை வைப்ரேட்ல போட்டுனு உள்ள குந்திக்கினு கீறியா? ஒயுங்கா எட்துனு வா. இல்ல, உங்கப்பனுக்கு இப்பவே போன் போடறேன்.”

“போனு இல்லக்கா.”

“அப்ப கத்தறது இன்னா, உன் வவுறா?”

வரிசை சிரித்தது. பாண்டிச்செல்வி பேட்டரியைப் பிடுங்கினாள். சத்தம் நின்றது.

“பாத்தியா, கட் பண்ணிட்டா!” என்றார் கனகம்.

4

முடிவுகள்.

(அ) அவள் வாயே திறக்கவில்லை. கனகம் போன் போட, “பஸ் ஏத்தி விடுங்கம்மா, நான் வந்து கூப்பிட்டுக்கிடுதேன்” என்கிறார் அப்பா. மானம் தப்பியது, வேலை போனது. நடக்கக்கூடியதுதான். ஆனாலும் ஒரு ரேசருக்கு இது அதிக விலை.

(ஆ) ரேசரைக் காட்டுகிறாள். கனகம் தன் மோவாயைத் தடவி, “எனுக்குந்தான் கீது” என்கிறார். எழுதி முடித்தபோது எனக்கே மிகவும் பிடித்துப்போனது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.

(இ) “அண்ணனுக்கு வாங்கினதுக்கா” என்கிறாள். நுரை இன்னும் மோவாயில்—

5

இதற்கு மேல் என்னால் ஆகாது. பெண்கள் விடுதியின் குளியலறை வாசலில் எனக்கு என்ன வேலை? வரிசையில் நீங்கள் நில்லுங்கள், கையில் வாளியோடு.

தாழ்ப்பாள் நகர்கிறது. அவள் கையில் ரேசர் இருக்கிறது. மோவாயில் பாதி மழித்திருக்கிறது, பாதி இல்லை. கனகம் ரேசரையும் மோவாயையும் மாறி மாறிப் பார்க்கிறார். முதலில் வாய் திறக்கிறவள் சொல்வதைப் பொறுத்துத்தான் வரிசை சிரிக்கும், அல்லது சும்மா இருக்கும். தங்கமாரி கீழே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு அடுத்து நிற்பது நீங்கள்.