பட்டம் விட்ட வருஷம்

தூரே எக்மார்க்குக்கு ஒரே ஒரு சொல்லின் மேல் ஆசை. அதை ஊர் முழுக்க வாரி இறைத்துவிட்டார்களே என்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டாம் வருஷத்து இலையுதிர்காலம் முழுவதும் அவருக்கு ஒரே வயிற்றெரிச்சல்.

அந்தச் சொல் 'நீ'.

ஆர்விகா மேல்நிலைப் பள்ளியில் வரலாறும் இலக்கியமும் நடத்திய மூத்த ஆசிரியர் அவர். அந்தப் பதவிக்கு லெக்டர் என்று பட்டம். பட்டம் உள்ளவரிடம் எங்கள் சுவீடனில் அந்த நாளில் யாரும் நேராகப் பேசிவிட முடியாது. 'நீ' என்றால் உறவு கொண்டாடுவது, 'நீங்கள்' என்றால் கடைச் சிப்பந்தியை விரட்டுவது. இரண்டும் ஆகாது. அதனால் எதிரே உட்கார்ந்திருப்பவரையே எங்கோ வெளியூருக்குப் போயிருப்பவரைப் போல, "லெக்டர் எக்மார்க் காப்பி சாப்பிடுவாரா?" என்று விசாரிப்போம். நூலகர் யூடித் வெஸ்ட்லிங் வருஷக்கணக்காக அப்படித்தான் விசாரித்து வந்தார். "செல்வி வெஸ்ட்லிங் குடுத்தா வேணாம்னு சொல்வேனா?" என்று எக்மார்க்கும் வருஷக்கணக்காக அசடு வழிந்து வந்தார்.

இருவரும் சேர்ந்து வியாழக்கிழமைதோறும் நூலகத்தில் வாசகர் வட்டம் நடத்தினார்கள். புத்தகங்களைப் பற்றி அவர்கள் பேசாதது இல்லை. பேச வேண்டிய ஒன்றை மட்டும் பேசவில்லை.

'நீ'க்குப் போவதற்கு ஒரு சடங்கு உண்டு. கோப்பையை உயர்த்தி, கண்ணைப் பார்த்து, பேரைச் சொல்லி, பட்டங்களைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான். அதை யார் தொடங்குவது? பெண்தான் தொடங்க வேண்டும் என்று மரியாதை முறைகள் பற்றிய ஒரு புத்தகத்தில் எக்மார்க் படித்திருந்தார். படித்த மனிதராயிற்றே, காத்திருந்தார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கோப்பையைக் கையில் பிடித்தபடி காத்திருந்து முன்மண்டை வழுக்கையானதுதான் மிச்சம்.

இதற்கிடையில் தலைநகரில் ஒரு பெரிய அதிகாரி, தன் அலுவலகத்தில் எல்லோரும் தன்னை 'நீ' என்றே கூப்பிடலாம் என்றார். அது சளி மாதிரி நாடெல்லாம் தொற்றிக்கொண்டது. எங்கள் தலைமையாசிரியரும் ஒரு நாள் ஆசிரியர் அறையில், "திங்கட்கிழமையிலேர்ந்து எல்லாருக்கும் எல்லாரும் நீதான்" என்று அறிவித்துவிட்டார். திங்கட்கிழமை முதல் வகுப்பிலேயே ஒரு மாணவி, "தூரே, நீ கரும்பலகையை மறைக்கிற, தள்ளிக்க" என்றாள்.

அவர் தள்ளி நின்றார். கோபம் வரவில்லை. அரசர்கள் கவிழ்ந்த கதையைச் சொல்லும்போதெல்லாம் மேசையைத் தட்டி மகிழ்ந்தவர் அவர். பள்ளியைக் கூட்டுகிற பெண் "தூரே, காலைத் தூக்கு" என்றபோது உள்ளூரக் குளிர்ந்தே போனார். நல்ல மாற்றம், அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் யூடித்தும் பால்காரரிடம் சொல்வது போலத் தன்னிடம் அதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டால்? இத்தனை வருஷம் பொத்தி வைத்திருந்தது ஒரே நொடியில் சில்லறையாகிவிடுமே! அந்தப் பயத்தில் அவர் நூலகத்துப் பக்கமே தலைகாட்டாமல், எடுத்த புத்தகங்களை வாசல் பெட்டியில் போட்டுவிட்டு நழுவினார்.

வியாழக்கிழமை நழுவ முடியவில்லை. அன்றைக்கு வாசிப்பு ஒரு பழைய நாவல். அதில் பண்ணை முதலாளி கணக்கெழுதும் பெண்ணை முதன்முதலாக 'நீ' என்கிறார். அவள் கையிலிருந்த தட்டைக் கீழே போட்டுவிடுகிறாள். அத்தியாயம் அங்கே முடிகிறது.

பஸ் டிரைவர் சிக்ஸ்டன் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏம்மா யூடித், நீயே சொல்லு. இதுக்கா தட்டைப் போடுவா? நான் காலையிலேர்ந்து பஸ்ல ஏறினவங்க அத்தனை பேரையும் நீன்னுதான் கூப்பிட்டேன். ஒருத்தி டிக்கெட்டைக்கூடக் கீழ போடல. போன வருஷம் ரோட்டுல இடதுபக்கத்தை விட்டு வலதுபக்கம் ஓட்டச் சொன்னாங்க, ஓட்டினேன். இந்த வருஷம் நாக்கை மாத்தச் சொல்றாங்க, மாத்திட்டேன். இதுல தட்டு எதுக்கு விழணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். யூடித் சிரிக்கவில்லை.

"அப்பல்லாம் அது முத்தத்தைவிடப் பெருசு, சிக்ஸ்டன். அவர் சொல்ல மாட்டாரான்னு எவ்வளவு நாள் ஏங்கியிருப்பா! அவளா வாயைத் திறக்க முடியாது. பதவியில பெரியவர்தான் முதல்ல சொல்லணும்."

பன் தட்டை எல்லோருக்கும் நீட்டிக்கொண்டிருந்த எக்மார்க், வாத்தியார் பழக்கத்தில் குறுக்கிட்டார். "தப்பு. பொண்ணுதான் முதல்ல சொல்லணும்."

"பெரியவர்தான்! புத்தகம் இங்கயே அலமாரியில இருக்கு."

"நான் படிச்ச புத்தகத்துல பொண்ணுன்னு போட்டிருக்கு!"

சொல்லி முடித்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. யூடித்தின் கழுத்தெல்லாம் சிவந்தது. சிக்ஸ்டன் பன்னைக் கடிப்பதை நிறுத்தினார்.

"அடக் கடவுளே! நாற்சந்தியில ரெண்டு வண்டி, நீ போ நீ போன்னு நின்னே பெட்ரோல் தீர்ந்த கதையால்ல இருக்கு!"

"இனிமே பேசி என்ன?" என்றார் எக்மார்க். "அந்த வார்த்தையைத்தான் எல்லாருக்கும் குடுத்தாச்சே."

யூடித் காப்பிக் கெண்டியை மேசையில் வைத்தார். பாவாடையை நீவிவிட்டுக்கொண்டார்.

"அது எல்லாருக்கும் போயிட்டா என்ன? பட்டமெல்லாம் இப்ப சும்மாதானே கிடக்கு, யாருக்கும் வேணாம்னு. அதை நாம வச்சுக்கலாம்." மூச்சை இழுத்துவிட்டுத் தொடர்ந்தார். "பொண்ணுதான் முதல்ல கேக்கணுமாமே. சரி, கேக்கறேன். லெக்டர் எக்மார்க் செல்வி வெஸ்ட்லிங்கைக் கல்யாணம் பண்ணிக்குவாரா?"

எக்மார்க் கையிலிருந்த பன் தட்டு தரையில் விழுந்து சிதறியது.

"பண்ணிக்குவார்," என்றார் எக்மார்க், எங்கோ வெளியூரில் இருக்கும் யாரோ ஒரு அதிர்ஷ்டசாலியைப் பற்றிச் சொல்வது போல.

சிக்ஸ்டன் குனிந்து பன்களைப் பொறுக்கினார். "இப்பப் புரியுது, தூரே," என்றார்.