கூப்பிட்டாச்சு

என் வீட்டுக்காரர் செத்துப்போனதற்கு ஐந்து பிள்ளைகளுக்குப் பதக்கம் கொடுப்பது என்று கல்லூரியில் முடிவு செய்தார்கள். அதை என் கையாலேயே போட வேண்டுமாம். முதல்வர் வீடு தேடி வந்து, சோபாவின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, வாய் கூசாமல் கேட்டார். அவர் கற்றுக்கொடுத்தது வீண்போகவில்லையாம், பிள்ளைகள் ஒரு குறையும் சொல்ல முடியாதபடி செய்தார்களாம். ஆளே போய்விட்டார், இதில் வீண்போகாதது எது என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. பக்கத்தில் என் நாத்தனார் இருந்ததால் அடக்கிக்கொண்டேன். விளையாட்டு அரங்குக்கு என் வீட்டுக்காரர் பெயரையே வைக்கப்போகிறோம் என்று முதல்வர் சொன்னதும், அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே எனக்கும் சேர்த்துத் தலையாட்டிவிட்டார். பிறகு நான் சொல்வதற்கு என்ன இருக்கிறது?

நானும் அவரும் ஒரே கல்லூரி, ஒரே துறை. உடற்கல்வி, நலவாழ்வு, பாதுகாப்பு என்று பெயர் மட்டும் முழ நீளம் இருக்கும். மற்றத் துறைக்காரர்களுக்கு நாங்கள் ஒப்புக்குச் சப்பாணி. ஆனால் எந்தப் பட்டம் படிக்கிற பிள்ளையும் எங்களிடம் தேறினால்தான் வெளியே போக முடியும் என்று ஒரு விதி இருந்ததால், எல்லாரும் வருவார்கள். வந்து தூங்குவார்கள். என்னுடையது மன அழுத்தத்தைக் குறைக்கும் வகுப்பு. பாய் விரித்துப் படுக்க வைத்து, கண்ணை மூடி மூச்சை இழுத்து விடச் சொல்வேன். பாதிப் பேர் குறட்டை விடுவார்கள். எனக்கு அங்கே மூச்சு மேடம் என்று பெயர்.

அவருக்கு விசில் சார் என்று பெயர். முதலுதவி வகுப்பு அவருடையது. அதில் மட்டும் ஒருவரும் தூங்க முடியாது. விசிலை ஊதி ஊதியே எழுப்பிவிடுவார். அரங்கின் ஒரு மூலையில், ரப்பர் விரிப்பின் மேல், இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லாத ஒரு பொம்மை கிடக்கும். அதற்குப் பிள்ளைகள் மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்கள். ஊரே சுற்றி நின்று கவனிக்க, கையைக் காலை அசைக்காமல் மல்லாந்து கிடக்கிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது? கூப்பிட்டுவிட்டு, காலே இல்லாத மாப்பிள்ளை எங்கேயும் ஓட மாட்டான் என்று ஒரு சிரிப்பு வேறு.

பயிற்சி இப்படி நடக்கும். ஒரு பிள்ளை மாப்பிள்ளையின் தோளைத் தட்டி, "சார், கேக்குதா?" என்று கேட்க வேண்டும். பதில் வராது. உடனே எதிரில் நிற்கிற ஒருவரைக் கைநீட்டிக் காட்டி, "நீங்க ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்று சொல்ல வேண்டும். பொதுவாக யாராவது கூப்பிடுங்கள் என்று சொன்னால் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள் என்பது அவர் பாடம், நியாயமான பாடம்தான். கைகாட்டப்பட்டவர் கையை உயர்த்தி, "கூப்பிட்டாச்சு!" என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரல் அரங்கின் மறுகோடி வரை கேட்டால்தான் மார்க். அது கேட்ட பிறகு நெஞ்சை அழுத்த ஆரம்பிப்பார்கள்.

கூப்பிடுவதற்குப் போன் வேண்டுமே என்று கேட்காதீர்கள். போனையெல்லாம் வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். கையில் போன் இருந்தால் பிள்ளைகள் பாடத்தைக் கவனிக்க மாட்டார்கள் என்று அவர் கண்டிப்பாக இருந்தார். ஆக, வருஷக்கணக்காக அந்த அரங்கில் ஆயிரம் முறை ஆம்புலன்ஸ் கூப்பிடப்பட்டது. ஒருமுறைகூட ஒருவர் கையிலும் போன் இல்லை.

அந்த வருஷ வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். வாயைத் திறந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே கேட்காது. பூனைக்குட்டி என்று கூப்பிடுவார்கள், அதற்கும் சிரித்துக்கொள்வாள். அவளை இவர் படுத்திய பாடு எனக்குத்தான் தெரியும். சுவருக்கு இந்தப் பக்கம் என் வகுப்பு. என் பிள்ளைகள் கண்ணை மூடிப் படுத்திருக்க, அந்தப் பக்கத்திலிருந்து விசில் சத்தமும், "கேக்கல, மறுபடியும்" என்ற அவர் குரலும் மாறி மாறி வரும். அவள் குரல் மட்டும் வராது. வீட்டுக்கு வந்ததும், அந்தப் பெண்ணை ஏன் இப்படி வதைக்கிறீர்கள் என்று கேட்டேன். சத்தம் வராத வாயால் ஒரு உயிரைக் காப்பாற்ற முடியாது என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். பிடித்த பிடியை விடாத மனிதர்.

அன்றைக்குக் காலையில் எழுந்ததிலிருந்தே நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். டாக்டரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றேன். வாயுவாம். மாரடைப்பின் அறிகுறிகளை ஊருக்கெல்லாம் படம் போட்டுக் காட்டுகிறவருக்குத் தன் நெஞ்சில் வந்தால் அது வாயு! எனக்கு இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

என் வகுப்பு பாதியில் இருந்தது. ஒரு மாணவி ஓடிவந்து, சார் விழுந்துட்டார் மேடம் என்றாள். பயிற்சிக்காக விழுந்திருக்கிறார் என்றுதான் ஒரு நொடி நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அது இல்லை என்று தெரிந்தது. செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன்.

மாப்பிள்ளையைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, அதே விரிப்பின் மேல் அவரைக் கிடத்தியிருந்தார்கள். உயரமான பையன் ஒருவன் முழங்காலிட்டு நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தான். இன்னொருவன் சத்தமாக எண்ணினான். களைத்ததும் ஆள் மாறினார்கள். ஒருத்தி தலையை நிமிர்த்திப் பிடித்திருந்தாள். ஒருவரும் அழவில்லை, கத்தவில்லை, ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொள்ளவில்லை. புத்தகத்தில் இருக்கிற படம் மாதிரி அத்தனை ஒழுங்கு.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. "ஆம்புலன்ஸ்?"

"கூப்பிட்டாச்சு மேடம்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

நான் நம்பினேன். நம்பாமல் என்ன? அவர் காலடியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்படித் தேய்ப்பதால் ஒரு பயனும் இல்லை என்று எனக்குத் தெரியும், கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று வாசலையே பார்த்தேன். வாசலில் அந்தக் கூடை, அதற்குள் போன்கள், ஒன்று மாற்றி ஒன்று வெளிச்சம் போட்டு அணைந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

அலுவலகத்திலிருந்து தலைமை எழுத்தர் மூச்சு வாங்க வந்தார். வெளிக் கதவைத் திறந்துவைத்துக் காவல்காரர் தெருவிலேயே நிற்கிறார், வண்டியைக் காணோம், யார் பேசியது, எந்த வாசல் என்று சொன்னீர்கள் என்று கேட்டார். பிள்ளைகள் திரும்பிப் பூனைக்குட்டியைப் பார்த்தார்கள். அவள் தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. எழுத்தர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

அவர் கூப்பிட்டார், வண்டி வந்தது. எத்தனை வேகமாக வந்தது தெரியுமா? அடுத்த தெருதான் அவர்கள் நிற்கும் இடம். அதுதான் என்னைத் தின்கிறது. ஆஸ்பத்திரியில் அந்த இளம் டாக்டர், நெஞ்சை நன்றாகத்தான் அழுத்தியிருக்கிறார்கள், கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால் என்று சொல்ல ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு பூசி மெழுகுகிற வேலை ஆரம்பித்தது. லைன் கிடைக்கவில்லை என்று ஒரு கதை கிளம்பிற்று. யார் கிளப்பினார்கள் என்று கேட்டால் ஆளாளுக்குக் கையை விரித்தார்கள். தலைமை எழுத்தர் என்னைக் கண்டால் வேறு பக்கம் போனார். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது அவருக்கு, பாவம். எனக்குள் மட்டும் ஒன்று கொதித்துக்கொண்டே இருந்தது. பதக்கம் போடச் சொல்கிறீர்களா, வருகிறேன், வந்து மைக்கைப் பிடித்து நடந்ததை நடந்தபடி போட்டு உடைக்கிறேன் என்று ஒவ்வொரு நாளும் மனதுக்குள் பேசிப் பார்த்தேன். அந்தப் பெண் மேடையில் நிற்க, எல்லார் முன்னாலும், நீ யாரைக் கூப்பிட்டாய் என்று கேட்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

விழாவுக்கு முந்தின மாலை அவளே வந்து நின்றாள்.

உள்ளே வரச் சொன்னேன். சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். டீ கொடுத்தேன், அவள் தொடவில்லை. ஆள் பாதியாக இளைத்திருந்தாள். என்ன விஷயம் என்று கேட்டேன். அவள் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. கொஞ்சம் சத்தமாச் சொல்லு என்று என் வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"நான் கூப்பிடவே இல்ல மேடம்" என்றாள்.

தெரியும் என்றேன்.

"சத்தமாச் சொல்லணும்னு மட்டும்தான் நெனச்சேன். கையைத் தூக்கிச் சொன்னேன், கணீர்னு வந்துச்சு. எனக்கு அப்ப சந்தோஷமா இருந்துச்சு மேடம். அப்பாடா, சத்தம் வந்துடுச்சுன்னு."

நான் அவளை அறைய நினைத்தேன். எழுந்து போய்க் கட்டிக்கொள்ளவும் நினைத்தேன். இரண்டையும் செய்யாமல் மேசை விரிப்பின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தேன்.

முதல்வரிடம் இரண்டு முறை போய்ச் சொன்னாளாம். அதிர்ச்சியில் உளறுகிறாய், போய் மேடம் வகுப்பில் படுத்து மூச்சுப்பயிற்சி செய் என்று அனுப்பிவிட்டாராம். அவள் அம்மா, வாயை மூடிக்கொண்டு பதக்கத்தை வாங்கிக்கொள் என்கிறாளாம். கூடப் படிக்கிறவர்கள் லைன் கிடைக்கவில்லை என்ற கதையை அவளிடமே சொல்லி ஆறுதல்படுத்துகிறார்களாம். யாரும் திட்டக்கூட மாட்டேன் என்கிறார்கள் மேடம் என்று சொல்லிவிட்டு முதல்முறையாக அழுதாள்.

"நாளைக்கு நீங்க மேடையில சொல்லிடுங்க மேடம். நீங்க சொன்னா எல்லாரும் நம்புவாங்க. அடுத்த வகுப்புக்காவது உள்ள ஒரு போன் வைப்பாங்க. என்னால இதை வெச்சுக்கிட்டு இருக்க முடியல."

பாருங்கள், நான் எதைச் செய்யத் துடித்தேனோ அதைத்தான் அவள் கேட்டாள். கேட்டதும் என் வேகம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. அவள் கேட்காமல் இருந்திருந்தால் நான் உடைத்திருப்பேன். கேட்ட பிறகு, உள்ளே என்னென்னவோ கணக்கு ஓடிற்று. சொன்னால் ஊர் என்ன பேசும்? அந்தப் பெண்ணையா பேசும்? சின்னப் பெண், பயந்துவிட்டாள் என்று இரண்டு நாளில் விட்டுவிடும். தன் பாடத்தாலேயே செத்த வாத்தியார் என்று இவரைத்தான் பேசும், பேசிச் சிரிக்கும். நாக்கில் நரம்பில்லாதவர்கள் நிறைந்த இடம் அது. அரங்குக்குப் பெயரும் வராது. என் நாத்தனார் மூஞ்சியில் நான் எப்படி விழிப்பது?

இதெல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள். உண்மையான காரணம் இதைவிடச் சின்னது. நாளைக்குச் சொல்லிவிட்டால் இவள் அழுது முடித்து, பாரம் இறங்கி, வீட்டுக்குப் போய்த் தூங்குவாள். எனக்கு இறங்குமா? இவளுக்கு மட்டும் எதற்கு இறங்க வேண்டும் என்று தோன்றிற்று. அவ்வளவுதான்.

"நாளைக்கு வா, பாத்துக்கலாம்" என்றேன். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள்.

அரங்கை மேடையாக்கியிருந்தார்கள். மூலையிலிருந்த ரப்பர் விரிப்பைச் சுருட்டி எங்கேயோ வைத்துவிட்டார்கள். அவர் படத்தைப் பெரிதாக்கி நிறுத்தியிருந்தார்கள். அதிலும் கழுத்தில் விசில். முன்வரிசையில் நாத்தனார். முதல்வர் நீளமாகப் பேசினார். முதலுதவி என்பது என்ன, துணிச்சல் என்பது என்ன என்றெல்லாம் பேசினார், ஆம்புலன்ஸ் என்ற சொல் மட்டும் அவர் வாயில் வரவேயில்லை. நான்கு பிள்ளைகளுக்குப் போட்டு முடித்தேன். கடைசியாக அவள் ஏறி வந்தாள்.

என்ன தைரியமாக நின்றாள் தெரியுமா? பளிச்சென்று தலைவாரி, முகம் கழுவி, தண்டனை வாங்கிக்கொள்வதற்கென்றே தயாராகி வந்தவள் மாதிரி நிமிர்ந்து நின்றாள். என்னைப் பார்த்தாள், மைக்கைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். முதல்வர் இரண்டு வார்த்தை சொல்லுங்கள் மேடம் என்று மைக்கை என் பக்கம் திருப்பினார்.

"இந்தப் பொண்ணுக்கு அவர் என்ன சொல்லிக்கொடுத்தாரோ, அதை அப்படியே செஞ்சா" என்றேன். "கூட ஒண்ணும் செய்யல, குறைய ஒண்ணும் செய்யல."

கைதட்டல் எழுந்தது. நாத்தனார் விம்மி அழுதார். முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் பதக்கத்தின் நாடாவை விரித்து அவள் கழுத்தில் போட்டேன். அவள் குனியவில்லை, எட்டித்தான் போட வேண்டியிருந்தது.

"இவ்வளவுதானா மேடம்?" என்றாள். எனக்கு மட்டும்தான் கேட்டது.

"இவ்வளவுதான். போய் உக்காரு."

அவள் படியிறங்கிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் இருந்த பிள்ளைகள் பதக்கத்தைத் தூக்கிப் பார்த்து அவள் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். நான் மைக்கை முதல்வர் பக்கம் திருப்பிவிட்டு என் நாற்காலிக்குப் போனேன்.