நான்காவது படி

கொரியாவில் இருக்கும் எங்கள் நிறுவனத்தில் புதிதாகச் சேருபவரின் முதல் வேலை, நான் எழுதிய நிறுவல் குறிப்பைப் பார்த்து எங்கள் மென்பொருளைத் தன் கணினியில் ஏற்றுவது. மொத்தம் பன்னிரண்டு படிகள். ஆறு வருடத்தில் ஒரு புகார் வந்ததில்லை. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே.

மற்றவர்கள் ஒரே நாளில் முடித்ததை, புதிதாக வந்த யெரின் மட்டும் பதினொரு நாளாகியும் முடிக்கவில்லை. நான்காவது படி வந்ததும் சிவப்பு எழுத்தில் பிழை காட்டி நின்றுவிடும். அவள் தகுதிகாண் காலத்தில் இருந்தாள். வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று இயக்குநர் மாலைக்குள் பதில் கேட்டிருந்தார். 'மெதுவானவர், வேண்டாம்' என்று எழுதி மேசைமேல் வைத்திருந்தேன். பக்கத்து இருக்கை யெரினுடையது. பார்த்துவிட்டாள்.

"சார், ஒரு தடவை நீங்க செஞ்சு காட்டுங்க" என்றாள். "குறிப்புல இருக்கறத மட்டும் செய்யுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச எதையும் சேர்க்காதீங்க."

சியோலில் புதியவர் எவரும் என்னைப் போன்ற அணித்தலைவரிடம் இப்படிப் பேசுவதில்லை. பின்னால் யாருக்கோ காபி புரையேறியது. எனக்குச் சுருக்கென்றது. காட்டிவிடுவோம் என்று புதுக் கணினி ஒன்றை எடுத்து வந்தேன்.

இரண்டாம் படி: 'கணினி கேட்கும்போது உங்கள் பெயரைக் கொடுங்கள்.' என் கை தானாக ஆங்கில எழுத்துக்குப் போனது.

"ஆங்கிலத்துலன்னு எங்க சார் போட்டிருக்கு?"

எங்கும் போடவில்லை. கூ தேசொப் என்று என் பெயரைக் கொரிய எழுத்தில் அடித்தேன். அந்தப் பெயரிலேயே கணினி ஒரு கோப்புறையை உண்டாக்கிக்கொண்டது. நான்காவது படியில் திரை முழுக்கச் சிவப்பு. ஆங்கில எழுத்து மட்டுமே அறிந்த எங்கள் மென்பொருளுக்கு என் பெயரையே படிக்கத் தெரியவில்லை.

ஆறு வருடமாக என்னோடு இருக்கும் மன்சிக்கைக் கூப்பிட்டேன். "உனக்கு இது தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும் தலைவரே. புதுசா வர்றவங்கள மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போய் காதுல போட்டுடுவோம்."

"யெரினுக்கு ஏன் போடல?"

"உங்க பக்கத்துலயே உட்கார வெச்சுட்டீங்க. சாப்பாட்டுக்கும் நீங்களே கூட்டிட்டுப் போறீங்க. எங்க போய்ச் சொல்றது?"

"என்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"ஒரு தடவை எழுத்துப்பிழை ஒண்ணைச் சொன்னேன். ரெண்டு வாரம் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தீங்க."

உண்மைதான். வெட்கமாக இருந்தது. தாளைக் கிழித்துப்போட்டுவிட்டு வேறொன்று எழுதினேன்: 'தவறு குறிப்பில். எழுதியவன் நான். யெரினை வைத்துக்கொள்ளவும்.' இயக்குநர் அதை இரண்டு முறை படித்தார்.

"ஆறு வருஷமா ஒருத்தர்கூடச் சொல்லலையா?"

"நான் சொல்ல விடல சார்."

அவர் கையெழுத்திட்டார்.

குறிப்பைத் திருத்தும் வேலையை யெரினிடமே கொடுத்தேன். மறுநாள் அனுப்பினாள். இரண்டாம் படியில், பெயரை ஆங்கில எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றும் அது ஏன் என்றும் இருந்தது. கடைசியில் ஒரு வரி: 'எங்கே சிக்கினாலும் உடனே கூப்பிடுங்கள்.' அதன் கீழே என் தொலைபேசி எண். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பத்து நிமிடத்தில் தொலைபேசி அடித்தது. நான்கு இருக்கை தள்ளி உட்கார்ந்திருந்த மன்சிக், என் பக்கம் திரும்பாமல் பேசினான்.

"தலைவரே, ஏழாவது படியும் வேலை செய்யாது."