மூன்றாம் பெட்டியின் காற்று

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளைக் கீரைக்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். கூவி விற்பவள் அல்ல. காற்றுப் புகாத நான்கு கண்ணாடிப் பெட்டிகளில் வளரும் லெட்யூஸ் கீரைச் செடிகள் எவ்வளவு எத்திலீன் விடுகின்றன என்று தினமும் அளந்து எழுதுபவள். காயைப் பழுக்க வைக்கும், பழத்திலிருந்தும் வரும் அதே வாயுதான். பெட்டிக்குள் தேங்கிவிட்டால் இலையில் பழுப்புப் புள்ளி விழும்.

கணவர் போய் இரண்டு வருடம். மகள் வேறு ஊரில். கேன்டீன் இரைச்சலில் தனியாக உட்கார்ந்தால் சோறு தொண்டையில் இறங்காது என்று, பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே டப்பாவைத் திறந்துகொள்வாள்.

ஒரு திங்கட்கிழமை மூன்றாம் பெட்டியில் எத்திலீன் அளவு இரு மடங்காகியிருந்தது. ஆய்வு அதிகாரி முகம் சுளித்தார்.

“இங்கயே உக்காந்து சாப்பிடறீங்களாமே? பழம் ஏதாவது வச்சிருந்தீங்களா?”

“எனக்கு சுகர் சார். பழத்தக் கண்ணால பாக்கறதோட சரி. பெட்டியும் சீல் வச்சதுதானே?”

“எங்கயாவது ஒழுகுதோ என்னவோ. இனிமே சாப்பாட்ட கேன்டீன்ல வச்சுக்கோங்க.”

அன்றிலிருந்து கேன்டீனில் சுவரோர மேசை. அளவு மட்டும் இறங்கவில்லை. வீண்பழி மனதை உறுத்த, ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். வெப்பமும் தண்ணீரும் நான்கிலும் ஒன்றுதான். ஒளிமானியை வைத்தபோதுதான், மூன்றாவதில் மட்டும் வெளிச்சம் ஏறக்குறைய இரட்டிப்பு என்று தெரிந்தது. போன வாரம் எலக்ட்ரீஷியன் அதில் புது விளக்கு மாட்டியிருந்தார்.

விளக்கைத் தணித்தாள்; இரண்டு நாளில் எத்திலீன் இறங்கியது. திரும்பக் கூட்டினாள், ஏறியது.

“அட, வெளிச்சம் கூடினா செடி கூடுதலா விடுது! நல்ல வேல பண்ணீங்கம்மா” என்றார் அதிகாரி, அவள் எழுதிக் கொடுத்த காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல். பழத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

அன்று மதியம் எலக்ட்ரீஷியன் தட்டோடு வந்து அவள் எதிரே பொத்தென்று உட்கார்ந்தார்.

“ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? நேரா சார்கிட்ட போய்ப் போட்டுக் குடுத்துட்டீங்களே! ஸ்டோர்ல இருந்தத மாட்டினேன். செடிக்கு ஆகாதுன்னு நான் என்ன கனவா கண்டேன்?”

கோபத்தோடு கோபமாக உப்பையும் அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். அவள் கேட்கக்கூட இல்லை.

“தப்பு எம்மேலதாங்க” என்றாள்.

அதற்குமேல் சண்டைக்கு என்ன இருக்கிறது? மளமளவென்று சாப்பிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது அவளுக்கு. நாலு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் மனுஷர் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்.